கிணற்று ஏசிக்கு எத்தனை டன்

"புழு ஒட்டுக்காத் தூங்க மாட்டேங்குது கண்ணு."

அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் அவிநாசி ரோட்டில் கட்டி முடியாத ஓர் ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் அளவு டேப், இன்னொரு கையில் போன், காலடியில் யாரோ வாங்கிவந்து வைத்து ஆறிப்போன டீ. "சீதோஷ்ணம் மாறுதில்லக்கா, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பட்டமான பொய். புழு ஏன் ஒன்றாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

என் தொழில் கட்டடங்களுக்குக் குளிர் அளப்பது. அதிலும் பூமியை வைத்துக் குளிரூட்டுவது. சித்திரை வெயில் வெளியே முப்பத்தொன்பது அடித்தாலும், மார்கழி விடியலில் பல் கிட்டித்தாலும், எங்கள் பக்கத்து ஆழக் கிணற்றுத் தண்ணீர் இருபத்தேழு இருபத்தெட்டு டிகிரியை விட்டு அசையாது. அந்தத் தண்ணீருக்குள் குழாய்ச் சுருளை இறக்கி, கட்டடத்தின் சூட்டைக் கொண்டுபோய் அங்கே விடலாம். குளிர்காலத்தில் அங்கிருந்து சூட்டை எடுத்துவந்து அறைக்குள் விடலாம். இந்த மெஷினுக்கு ஹீட் பம்ப் என்று பெயர். பெயரைச் சொன்னால் நம் ஆட்கள், "இருக்கற சூடு பத்தாதுங்களா?" என்று கேட்பார்கள். அதனால் நான் கிணத்து ஏசி என்றுதான் சொல்வேன்.

மெஷினை மாட்டுவது பெரிய வித்தையில்லை. எத்தனை டன் என்று முடிவு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. டன் என்றால் இங்கே எடை அல்ல. அறையின் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற பலம். குறைந்தால் அறை புழுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து எச்பி மோட்டார் போதும் என்று சொன்னால், "இருக்கட்டுங்க, ஏழரையாப் போட்டுருங்க" என்கிற ஊர் இது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுரு போட்ட அத்தனை பேரும், மோட்டார் கடைக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நானூறு பேர் என்றார்கள். நானூறு பேருக்குத் துல்லியமாகப் போட்டேன். முதல் முகூர்த்தத்துக்கே தொள்ளாயிரம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மணப்பெண்ணின் முகத்துப் பூச்சு கழுத்துக்கு இறங்கியது. பெண்ணின் தாய்மாமன் என்னைத் தேடிவந்து, அத்தனை பேருக்கு முன்னால், குரலை ஒரு துளி உயர்த்தாமல், "ஏனுங்க அம்மணி, உங்க படிப்பைச் சோதிச்சுப் பாக்கறதுக்கு எங்க ஊட்டுக் கல்யாணந்தான் கெடைச்சுதுங்களா?" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த 'ங்க'வோடு சொன்னதால் இன்றுவரை காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தக் கணக்கின் கடைசியிலும் கால் பங்கு சேர்த்துவிடுகிற பழக்கம் வந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன். கைக்காவலுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அக்காவின் ஊர் அந்தியூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. மாமாவுக்கு அங்கே நாலு ஏக்கர் மல்பெரித் தோட்டம். சுற்றுவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பங்கள் நிறைய. பட்டுப்புழுவில் ஒரு சிக்கல் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் எட்டு நாள் அது எறும்பைவிடச் சின்னதாக, கறுப்பு மயிர்த்துண்டு போலக் கிடக்கும். கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும். எல்லோர் வீட்டிலும் அதற்கு வசதி இல்லை. அதனால் ஒரே இடத்தில் இளம்புழுவாக வளர்த்து, எட்டு நாள் ஆனதும் விவசாயிகளிடம் கொடுக்கிற மையங்கள் உண்டு. அக்கா ஊர்க்காரர்கள் இதுவரை மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்திலிருந்து வேனில் புழு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, தோட்டத்து ஓரத்தில் ஒரு மையம் கட்டினாள். ஐம்பது வயதில் அவள் பெயரில் தொடங்கிய முதல் காரியம் அது. நாற்பது குடும்பங்களிடம் வீடு வீடாகப் போய், "இனி அங்க போக வேண்டாங்க, நான் தாரனுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இளம்புழு அறையில் இரவும் பகலும் இருபத்தெட்டு டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். ஈரப்பதமும் குறையக் கூடாது. பக்கத்திலேயே நூறடிக் கிணறு. கிணத்து ஏசிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? நான்தான் சொன்னேன். நான்தான் கணக்கும் போட்டுத் தருவதாகச் சொன்னேன். "கெணத்துத் தண்ணி சுட்டுப்போடாதா கண்ணு?" என்று அக்கா கேட்டாள். இவ்வளவு தண்ணீருக்கு அது ஒன்றுமில்லை என்று விளக்கினேன். "ஒரே ஒரு ரூம்தானே, சின்னதா ஒண்ணு போதாதா?" என்றும் கேட்டாள். "உனக்குத் தெரியாதுக்கா, நீ சும்மா இரு" என்று சொன்னேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

யாரோ முன்பின் தெரியாதவர் கட்டடம் என்றால் நான் நேரில் போவேன். சுவரைத் தட்டிப் பார்ப்பேன், கூரைமேல் ஏறுவேன், மேற்கு வெயில் எந்தச் சன்னலில் விழுகிறது என்று ஒரு பொழுது முழுக்க நின்று பார்ப்பேன். அக்கா வீட்டுக் கட்டடத்துக்கு நான் போகவேயில்லை. உக்கடத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நெரிசலில் கார் மாட்டிக்கொண்டு நின்றபோது மாமாவுக்குப் போன் போட்டு அளவு கேட்டேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மாமா சொல்லச் சொல்ல ஒரு துணிக்கடைப் பையின்மேல் எழுதிக்கொண்டேன். நீளம், அகலம், உயரம், கூரை என்ன, ஆள் எத்தனை. எல்லாம் நாலு நிமிடம். அக்கா ஊடுதானே என்கிற அலட்சியம் ஒரு பக்கம். மாமா ஓர் அளவைச் சொன்ன பிறகு டேப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிபார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகும் என்பது இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முறைக்காரரின் சொல்லை அளந்து பார்க்கிற வழக்கம் இல்லை.

கணக்கு ஐந்து டன் என்று வந்தது. கைக்காவலுக்குக் கால் பங்கு சேர்த்து ஆறேகால் என்று மெஷின் விற்பவருக்கு அனுப்பினேன். எட்டு டன் மெஷின் போய் இறங்கியது.

தை மாதத்தில் திறப்பு வைத்தார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் கண் ஒரு தரம் அறையைச் சுற்றியது. என் கண்ணுக்கு டேப் தேவையில்லை. துணிக்கடைப் பையில் எழுதிய அறை இது இல்லை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. இது பாதிகூட இருக்காது. கூரைமேல் அக்கா தென்னங்கீற்று வேறு வேய்ந்து வைத்திருந்தாள். நான் வெறும் சிமெண்டு சீட்டு என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். நாலே நிமிடத்தில் அறை ஜில்லென்று ஆகிவிட்டது. "அடேங்கப்பா, ஊட்டி மாதிரி ஆயிப்போச்சுங்க!" என்றார் ஒருவர். "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் இன்னொருவர். மாமா என்னைக் காட்டி, "எங்க ஊட்டு இஞ்சினீரு" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தபடி நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

மெஷின் பெரிதாக இருந்தால் என்ன கெடுதல் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். எட்டு டன் மெஷின் அந்தச் சின்ன அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும். அறை மெல்லச் சூடாகும். மறுபடி மெஷின் பாய்ந்து எழுந்து குளிர்காற்றை அள்ளி வீசும். மறுபடி நிற்கும். காற்று படுகிற தட்டில் பொடியாக நறுக்கிப் போட்ட இலை வதங்கிப்போகும். மூலைத் தட்டில் இலை நனைந்து நிற்கும். வெயில் இல்லாத நாளில் இந்தக் கூத்து இன்னும் மோசம். புழுக்கள் தோலுரிக்கும் முன் ஒரு நாள் தின்னாமல் தூங்க வேண்டும், அதுவும் எல்லாம் ஒன்றாக. இந்த அறையில் ஒரு தட்டுப் புழு தூங்கும்போது அடுத்த தட்டுப் புழு தின்றுகொண்டிருந்தது.

முதல் தடவை முட்டைமேல் பழி போட்டோம். இரண்டாவது தடவை, பங்குனியில், இலைமேல். மாமா கண்ணேறு என்று வாசலில் பூசணிக்காய் கட்டினார். ஒரு விவசாயி மொபட்டில் வந்து அக்காவிடம் சொன்னாராம்: "குறை சொல்ல வரலீங்க. புழு நல்லாத்தானுங்க இருக்குது. பாதி தூங்குது, பாதி திங்குதுங்க. எதுக்குத் தழை போடறது, எதைய உடறதுன்னே தெரியலீங்க. எல்லாத்தையும் எருக்குழியில கொட்டிப்போட்டனுங்க." அதைச் சொல்லிவிட்டு அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாராம். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், அடுத்த தடவைக்குப் பழைய இடத்திலேயே சொல்லிவைத்துவிட்டதாகச் சங்கடத்தோடு சொல்லிப் போனார்கள்.

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சும்மாவே ஓர் இடத்தில் நிற்காதவள். இப்போது சிவப்பு விளக்கில்கூட நிற்க முடியவில்லை. வேறு ஏதோ கட்டடத்தின் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பேன். பாதியில் எழுந்து சமையல்கட்டுக்குப் போவேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புவேன். வீட்டுக்காரர், "உனக்கு என்னம்மா ஆச்சு, காலுக்கடியில நெருப்பா?" என்று கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி ஏத்து, இறக்கு என்று மாமாவுக்குப் போனிலேயே வைத்தியம் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் அந்தப் போன் வந்ததற்கு மறுநாள் வெள்ளென எழுந்து காரை எடுத்தேன். அன்னூர், புளியம்பட்டி, சத்தி என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் தப்பு வேறு யாருடையதாகவோ இருந்தது.

போனதும் காலைக் கழுவிக்கொண்டு, செருப்பு மாற்றிக்கொண்டு, புழு அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் கடிகாரம். மெஷின் நான்கு நிமிடம் ஓடியது. பதினொரு நிமிடம் நின்றது. நான்கு நிமிடம் ஓடியது. அதற்குள் நான் மூன்று முறை எழுந்து தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அக்கா இலை நறுக்கிக்கொண்டே என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதும் உன்னைய மாதிரியேதான் கண்ணு. எந்திரிக்குது, உக்காருது, எந்திரிக்குது. ஒரு நெலையில இருக்க மாட்டேங்குது" என்றாள்.

சிரிக்க நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். உக்கடத்து நெரிசல், துணிக்கடைப் பை, திறப்பு நாளில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, முட்டையும் இலையும் கண்ணேறும் இல்லை, என் கணக்குத்தான் என்பது. கைக்காவலுக்கு நான் சேர்க்கும் கால் பங்கையும், பெண்ணின் தாய்மாமன் சொன்னதையும்கூடச் சொன்னேன். அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

அக்கா அரிவாள்மனையை ஓரமாக வைத்தாள். நான் ஆறுதலை எதிர்பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் எதை உடைத்தாலும், "போனாப் போகுது கண்ணு" என்று சொல்கிறவள் அவள்.

"அப்ப உன்ற பயத்தைக் கொண்டாந்து என்ற ஊட்டுல மாட்டிப்போட்டுப் போயிட்டயா?" என்றாள்.

குரல் உயரவில்லை.

"நான் நாப்பது ஊட்டுல போயி வாக்குக் குடுத்திருக்கறேன். அவங்க என்னைய நம்பலை, உன்னையத்தான் நம்புனாங்க. தங்கச்சி இஞ்சினீருன்னு சொல்லித்தான் நான் கேட்டேன். கலியாணத்துல சோறு பத்தாமப் போயிருமோன்னு பயப்படறவ மாதிரி நீ அள்ளிக் கொட்டியிருக்கறே. மிஞ்சுன சோத்தை மாடு திங்கும். இதைய யாரு திங்கறது?"

சோறு என்றதும் எனக்கு என்னவோ பொறி தட்டியது. அவள் மூத்த மகள் கல்யாணத்தில் நடந்த கூத்து இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. ஐந்நூறு இலை என்று அக்கா முடிவு செய்திருந்தாள். மாமா சமையல்காரரிடம் சொல்லும்போது அறுநூறு என்று சொன்னார். மாமாவின் தம்பி தனியாகப் போய், "எதுக்கும் ஒரு அம்பது சேத்துக்குங்க" என்றார். சமையல்காரர் இந்த ஊர்க்காரர். ஊர்ச் சோறு பத்தவில்லை என்ற சொல் ஜென்மத்துக்கும் போகாது என்று அறிந்தவர். அவர் பங்குக்கு ஒரு மூட்டை அரிசியைக் கூட்டினார். நாலு நாள் ஊர் மாடெல்லாம் பிரிஞ்சி சாப்பிட்டது. யாரும் யாரிடமும், நீங்கள் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

அங்கேயே உட்கார்ந்து போன் போட ஆரம்பித்தேன். முதலில் மாமாவை வரச்சொல்லிக் கேட்டேன். நீளமும் அகலமும் எங்கிருந்து வந்தன மாமா? அவர் தலையைச் சொறிந்தார். "அடுத்த வருசம் பக்கத்துல இன்னொரு ரூம் எடுக்கறமே அம்மணி, அதையும் சேத்தித்தான் சொன்னேன். ஒரே செலவாப் போயிருமேன்னு." சரி, உயரம்? அதைக் கட்டட மேஸ்திரி சொன்னாராம். மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "கூரை உச்சி வரைக்கும் அளந்து, ஒரு ரெண்டடி கூட்டியே சொன்னனுங்க. ஏசி வேலையில கொறைச்சுச் சொல்லக்கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கறனுங்க." மெஷின் விற்பவருக்குப் போன் போட்டேன். ஆறேகால் கேட்டேன், எட்டு எப்படி வந்தது? "மேடம், உங்க அக்கா ஊடுன்னு சொன்னீங்களே. நமக்குள்ளயே கொறைவாப் பண்ணக்கூடாதுன்னு அடுத்த சைஸ் குடுத்தேன். விலைகூட அதிகமா வாங்கலைங்க." எல்லோரும் அன்பினால்தான் செய்திருந்தார்கள். யாரைத் திட்டுவது? திட்டத் தகுந்தவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள், அவளைத்தான் ஏற்கெனவே திட்டியாகிவிட்டது.

"டேப் வெச்சிருக்கறயா?" என்றாள் அக்கா.

வைத்திருந்தேன். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுமுனையை நான். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "அவரு கெடக்கறாரு, நீ அளடி" என்றாள் அக்கா. சுவர், சன்னல், கதவு. ஏணி வைத்துக் கூரை ஏறிக் கீற்றின் கனத்தைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவு திறக்கும், எத்தனை பேர் உள்ளே நிற்பார்கள் என்று கேட்டேன். "மூணு பேரு. நாலாவது ஆளை நான் உள்ளயே உட மாட்டேன்" என்றாள். புழு, இலை, ஈரம் போடுகிற கருவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பொழுதோட, வெயில் தாழ்ந்தபின், களத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து கணக்கை முடித்தேன். மூன்று டன்னுக்கு ஒரு துளி குறைவாக வந்தது. நாங்கள் மாட்டியிருந்தது எட்டு.

இனி மிச்சம் இருந்தது அந்தக் கால் பங்கு. பேனா மூன்றுக்குப் பக்கத்தில் நின்றது. சித்திரை வரப்போகிறது. நாற்பது டிகிரி அடித்தால்? கரண்ட் ஏறி இறங்கினால்? அக்காவின் கடைசிச் சந்தர்ப்பம் இது. மூன்றாவது தடவையும் கெட்டால் நாற்பது குடும்பமும் மலை தாண்டிப் போய்விடும். போனவர்களைத் திரும்ப அழைக்க அவளுக்கு வாய் இருக்காது. நாலு என்று போட்டுவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு என் கணக்கு புரியாது. என் கை ஏன் நிற்கிறது என்பது புரிந்தது.

"இப்ப சேத்தப்போறயா?"

"இல்லக்கா" என்றேன். மூன்று என்றே எழுதினேன். தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவ்வளவு பயந்து எந்த எண்ணையும் எழுதியதில்லை.

பெரிய மெஷினைக் கழற்றி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு காளான் பண்ணைக்கு விற்பவரே கொண்டுபோய் மாட்டினார். அங்கே அதற்கு வேலை சரியாக இருந்தது. நானே போய் நின்று அளந்துவிட்டுத்தான் சொன்னேன். அக்கா வீட்டில் மூன்று டன் மெஷின் ஏறியது. பழைய மெஷின் இருந்த மேடையில் அது சின்னப் பிள்ளை பெரியவர் சட்டையைப் போட்ட மாதிரி நின்றது. வந்து பார்த்த ஒருவர், "இது போதுங்களா?" என்று கேட்டாராம். "போதுங்க" என்று அக்கா சொன்னாளாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சித்திரை பாதியில் மூன்றாவது தடவைக்குப் புழு பொரிந்தது. நாற்பது குடும்பத்தில் இருபத்தாறு பேர்தான் புழுவுக்குச் சொல்லியிருந்தார்கள். எருக்குழியில் கொட்டியவரும் அதில் ஒருவர். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. காபி குடித்த வீடு என்று நினைத்திருக்கலாம். ஏழாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா போன் பண்ணினாள்.

"காத்தால பத்து மணிக்கு ஓட ஆரம்பிச்சது கண்ணு. இன்னும் நிக்கவே இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன சொல்லி வைத்தேன் என்று ஞாபகமில்லை. காரில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. பெரிய மெஷின் நின்று நின்று ஓடி என் உயிரை வாங்கியது; இது நிற்காமல் ஓடி வாங்குகிறது. உச்சி வெயிலில் நிற்காமல் ஓடினால்தான் அளவு சரி என்று நானே எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த அறிவெல்லாம் அன்னூர் தாண்டும்போதே கழன்றுவிட்டது. திணறுகிறது, தாக்குப்பிடிக்காமல் திணறுகிறது, இந்நேரம் முப்பத்திரண்டு ஆகியிருக்கும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது மனசு. சத்தியில் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அந்த டிராக்டர்காரர் என்றைக்காவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும், அவ்வளவு திட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. வெளியே அனல். கால் கழுவுகிற பொறுமைகூட இல்லை. ஆனால் கழுவினேன். கதவைத் திறந்ததும் மெஷினின் சத்தம் கேட்டது. அடங்கிய, ஏறாத இறங்காத ஒரே சத்தம். சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தெட்டு. தட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு. என் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மூலையில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அதுதான்.

பிறகு தட்டுகளிடம் போனேன். மேல் தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு, காற்று படுகிறது, படாதது. ஒவ்வொன்றிலும் புழுக்கள் தலையை மேலே தூக்கியபடி அப்படி அப்படியே நின்றிருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. ஒன்றின் வாயும் இலையில் இல்லை. ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரே நேரத்தில் சும்மா இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா சுவரோரம் பாய் விரித்து அதில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழலாடியது. எருக்குழிக்காரர். காலையில் வரவேண்டியவர், மனசு கேட்காமல் இப்போதே வந்துவிட்டார் போல. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, எழுப்பிவிடக் கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில், "ஒட்டுக்காத் தூங்குதுங்க" என்றார். "காத்தால வாரனுங்க. அடுத்த தடவைக்கும் என்ற பேரை எழுதிக்குங்க." போய்விட்டார்.

அக்கா எழுந்து நோட்டை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றபடி மறுபடி மெஷினைப் பார்த்தேன்.

"இன்னும் நிக்கலியேக்கா" என்றேன்.

"அது ஓடறது ஓடட்டும்" என்றாள். பாயில் நகர்ந்து இடம்விட்டாள். "நீ உக்காரு."

உட்கார்ந்தேன். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.